விண்மீன் திரள்களின் வயதைக் கணிக்கும் பி.பி.எக்ஸ்.எஃப்.: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மதுரையில் இயற்பியல் முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு வழிகாட்டும் நான், விண்மீன் திரள்களின் நிறமாலையிலிருந்து அவற்றிலுள்ள விண்மீன்களின் வயதையும் பிறப்பு வரலாற்றையும் கணிக்கப் பல ஆண்டுகளாகப் பி.பி.எக்ஸ்.எஃப். மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். மிகேலே கப்பெல்லாரியும் எரிக் எம்செல்லெமும் 2004இல் வெளியிட்ட முறை இது. இன்று பைத்தானில் இலவசமாகக் கிடைக்கிறது. வானத்தைப் பெருமளவில் பதிவு செய்யும் ஸ்லோன் வான் அளவாய்வின் நிறமாலைகளும் இலவசம் என்பதால், தொலைநோக்கியே இல்லாத கல்லூரியிலும் ஒரு மடிக்கணினியை வைத்து உண்மையான ஆய்வு செய்ய முடிகிறது.

வயதும் உலோகத்தன்மையும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் பங்கு) தெரிந்த மாதிரி நிறமாலைகளை வெவ்வேறு விகிதங்களில் கூட்டி, பதிவான நிறமாலையோடு இது பொருத்திப் பார்க்கிறது. நாங்கள் பயன்படுத்துவது, லா பால்மா தீவின் 2.5 மீட்டர் ஐசக் நியூட்டன் தொலைநோக்கியில் பதிவான 985 விண்மீன்களைக் கொண்ட மைல்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட மாதிரிகள். ஒன்றை முதலிலேயே கவனிக்க வேண்டும்: ஸ்லோன் தருவது வெற்றிட அலைநீளம், மைல்ஸ் தருவது காற்றில் அளந்த அலைநீளம். மாற்றாமல் பொருத்தினால் வேகக் கணக்கு நொடிக்கு 80 கி.மீ.க்கும் மேல் பிசகும்.

நிறமாலையில் மாணவர்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது 4000 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) அருகில் ஒளியளவு சட்டென மாறும் படியை. முதிய விண்மீன்களில் கால்சியமும் பிற உலோகங்களும் நீல ஒளியை உட்கவர்வதால் அது உருவாகிறது. அங்குள்ள 3933 ஆங்ஸ்ட்ராம் கால்சியம் கே கோட்டில்தான், நமக்கு அருகிலுள்ள கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டு அளவுக்குச் சூரியனைப் படமெடுத்தது. இதைச் சொன்னதும் மாணவர்களின் ஆர்வம் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். படி சிறிதாகவும் ஹைட்ரஜன் உட்கவர் கோடுகள் ஆழமாகவும் இருந்தால், கடந்த 100 கோடி ஆண்டுகளுக்குள் விண்மீன்கள் பெருமளவில் பிறந்திருக்க வேண்டும். 6563 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஹைட்ரஜன் உமிழ் கோடு, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்குள் பிறந்த வெப்பமிகு விண்மீன்களைக் காட்டுகிறது.

மென்பொருள் தரும் சராசரி வயதை அப்படியே ஏற்கக் கூடாது. அது பெரும்பாலும் ஒளியின் அளவுப்படி எடையிட்ட வயது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி பிடித்தவரின் குரலே மேலோங்கிக் கேட்பதுபோல, நிறையில் சிறு பங்கேயான இளம் விண்மீன்கள் மற்றவற்றை மறைத்துவிடும். ஆகவே நிறைப்படி எடையிட்ட வயதையும் சேர்த்தே எழுத வைக்கிறேன். வயது மூன்று மடங்கு கூடுவதும் உலோகத்தன்மை இரண்டு மடங்கு கூடுவதும் நிறத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும் என்று வானியலாளர் கய் வொர்த்தி 1994இல் காட்டினார். இந்தச் சிக்கலைக் குறைக்க பெரும்பாலும் வயதைச் சார்ந்தே மாறும் ஹைட்ரஜன் பீட்டா கோடு பெரிதும் உதவுகிறது. 800 கோடி ஆண்டையும் 1200 கோடி ஆண்டையும் பிரித்தறிவது, இரைச்சல் மிகுந்த நிறமாலையில் இயலாத காரியம்.

கணிக்கும் வரலாறு எவ்வளவு சீராக இருக்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் சீராக்கல் அளவைச் சுழியமாக வைத்தால் பிறப்பு வரலாறு தனித்தனிக் கூர்முனைகளாகச் சிதறித் தெரியும். மிக உயர்த்தினால் உண்மையான எழுச்சிகளும் மழுங்கிவிடும். முதலில் சீராக்கல் இன்றிப் பொருத்தி, பொருத்தத்தின் விலகலை அளக்கும் கை-வர்க்க (χ²) மதிப்பு கட்டின்மைக் கூறுகளின் (ஏறத்தாழ, பொருத்திய தரவுப் புள்ளிகளின்) எண்ணிக்கைக்குச் சமமாகும்படி பிழை மதிப்பைத் திருத்தி, பிறகு படிப்படியாக உயர்த்துவதே நம்பத்தகுந்த வழி. பொறுமை வேண்டிய இந்த வேலையை மாணவர்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

திரளின் ஒளியைப் பிடிக்கும் பழைய ஸ்லோன் ஒளியிழையின் விட்டம் வானில் 3 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) மட்டுமே; அருகிலுள்ள திரளுக்குக் கிடைப்பது மையத்தின் வயதுதான். மையத்தைச் சுற்றியுள்ள தட்டின் வரலாறும் தேவைப்படுவோர், ஏறத்தாழ 10,000 திரள்களை இழைக் கற்றைகளால் பதிவு செய்த ஸ்லோனின் மங்கா அளவாய்வுத் தரவைத் தேர்ந்தெடுக்கலாம்.