ரேமா, டிஸ்க்கா? எந்தச் சோதனையை முதலில் ஓட்டுவது

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, நீலத்திரை வருகிறது என்றால் பலரும் முதலில் செய்வது, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதுதான். அதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். ரேம் பழுதாக இருந்தால், செக்டிஸ்க் டிஸ்க்கிலிருந்து படிப்பதெல்லாம் அந்த ரேம் வழியாகத்தானே வரும்? நன்றாக இருப்பதையே தப்பென்று எண்ணித் திருத்தி எழுதிவிடக்கூடும். டிஸ்க்கே பழுதென்றால் இன்னும் மோசம். கட்டளையில் ஸ்லாஷ் ஆர் (/r) சேர்த்து ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். உயிர் ஊசலாடும் டிஸ்க் அதைத் தாங்காது.

முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, பாருங்கள். ஒரு நிமிட வேலை, டிஸ்க்கில் எதையும் எழுதாது. ஹார்டு டிஸ்க் என்றால் 05, சி5 ஆகிய இரண்டு வரிசைகளின் மூல மதிப்பைக் கவனியுங்கள். 05 என்பது பழுதானதால் ஏற்கெனவே மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்). சி5 என்பது படிக்க முடியாமல் காத்துக் கிடப்பவை. சி5 நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். தரவு வந்துபோகும் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம், மாற்றிப் பாருங்கள். எஸ்எஸ்டியில் மட்டும் இந்தப் பட்டியலை முழுசாக நம்ப முடியாது. எச்சரிக்கையே இல்லாமல் போய்விடுபவையும் உண்டு.

ரேமுக்கு வருவோம். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கா, பென் டிரைவில் போட்டு ஓட்டும் மெம்டெஸ்ட்86+ஆ? முதலாவது எளிது, தரவிறக்கம் வேண்டாம். ஆனால் தானாக ஓடுவது நடுத்தரச் சோதனைதான். எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' என்று மாற்றினால்தான் ஆழமாகப் பார்க்கும். முடிவும் விண்டோஸ் திறந்ததும் ஒரு மூலையில் தோன்றி மறைந்துவிடும், பிறகு விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் தேட வேண்டும். மெம்டெஸ்ட்86+ இலவசம், மூல நிரலும் திறந்தது. 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து பழைய பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ கொண்ட புதிய கணினிகளிலும் ஓடுகிறது. நிறுத்தும்வரை சுற்றிச் சுற்றிச் சோதிக்கும். அதே குடும்பத்து மெம்டெஸ்ட்86இன் இலவசப் பதிப்போ நாலு சுற்றோடு நின்றுவிடும்.

அக்கா மகனின் கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். ஒரு ஜிப் ஃபைலைப் பிரித்தால், தரவு சிதைந்திருப்பதைச் சொல்லும் சிஆர்சி பிழை வரும். மறுபடி பிரித்தால் அதே ஜிப்பில் வேறொரு ஃபைலில் வரும். டிஸ்க் பழுதென்றால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் இடறியிருக்கும், அதனால் ரேம் மேல்தான் எனக்குச் சந்தேகம். விண்டோஸ் சோதனை 'பிழை இல்லை' என்றது. மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓட விட்டோம். விடிகாலையில் திரையில் சிவப்பு வரிகள், எல்லாம் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு வந்தவை. ஒன்றிரண்டுதானே என்று விட முடியாது, ரேமில் ஒரே ஒரு பிழையும் கூடாது.

பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். அப்போதும் வந்தது. இரண்டு 8 ஜிபி ரேமையும் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரே ஸ்லாட்டில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று மட்டும் மாட்டியது. அது வாரண்டியில் மாறி வந்தது. அதற்குப் பிறகுதான் செக்டிஸ்க் ஓட்டினோம்.