கருப்பைப் புற்றுநோயும் வயிற்றுக் காசநோயும் ஒருசேர இருந்தால்: பயாப்சி இல்லாமல் சொல்லப்படும் 'நான்காம் நிலை'யை ஏற்காதீர்கள்

மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு என் அக்காவுக்கு உதிரப்போக்கு ஏற்பட்டதால், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். கருப்பையின் உட்சவ்வு தடித்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அங்கிருந்து எடுத்த திசுவில் புற்றுநோய் உறுதியானது. அதுவரை அவர்கள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்தவை வேறு எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிடி ஸ்கேனில் வயிற்றில் நீர் கோத்திருந்தது. குடலின் முன்புறம் தொங்கும் கொழுப்புத் திரை தடித்தும், நிணநீர்க் கணுக்கள் வீங்கியும் இருந்தன. ரத்தத்தில் சிஏ 125 என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தின் அளவும் கூடியிருந்தது. இவற்றை வைத்துக்கொண்டு, "வயிறு முழுக்கப் பரவிடுச்சும்மா, இனி ஆபரேஷனுக்கு வழியில்ல, நாளைக்கே கீமோ ஆரம்பிச்சிடலாம்" என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலையே ஆறு சுழற்சிகளுக்கான தொகுப்புக் கட்டணத்தில் பாதியைக் கட்டச் சொன்னார்கள். சில மாதங்களாகவே மாலையானால் காய்ச்சல் வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, சர்க்கரை நோயும் இருக்கிறது என்று அக்கா சொன்ன எதையும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நீர்க்கோவை, தடித்த கொழுப்புத் திரை, வீங்கிய கணுக்கள், உயர்ந்த சிஏ 125 ஆகிய இந்த நான்கும் புற்றுநோய் பரவியதாலும் வரும், வயிற்றுக் காசநோயாலும் வரும். பெட் ஸ்கேனிலும் இரண்டும் ஒன்றுபோலவே ஒளிரும் என்பதால், படத்தை மட்டும் பார்த்து இன்னதென்று அறுதியிட முடியாது. காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள இந்தியாவில், வயிற்றில் இருப்பது எது என்று திசுவை எடுத்துப் பார்க்காமல் நான்காம் நிலை, அதாவது வெகுதூரம் பரவிவிட்ட புற்றுநோய், என்று எழுதுவது பொறுப்பற்ற செயல் என்றே நான் கருதுகிறேன்.

இதைவிட என்னை வேதனைப்படுத்தியது, பின்னர் கோப்பைப் புரட்டியபோது கண்ட ஒரு தாள். வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'புற்றணுக்கள் காணப்படவில்லை, லிம்ஃபோசைட்டுகள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) மிகுதி' என்று முடிவும் வந்திருக்கிறது. முதல் கீமோ ஏற்றப்படுவதற்கு முன்பே வந்துவிட்ட அந்த அறிக்கை, ரத்தப் பரிசோதனைத் தாள்களுக்கு நடுவில் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் கிடந்தது. நீரில் புற்றணு இல்லை என்பதால் மட்டும் புற்றுநோய் பரவவில்லை என்று ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் லிம்ஃபோசைட்டுகள் மிகுந்த நீர் என்றதும் காசநோயை நினைத்திருக்க வேண்டாமா? காசநோயில் உயரும் ஒரு நொதியை நீரில் அளக்கும் ஏடிஏ என்ற எளிய பரிசோதனையைக்கூட அவர்கள் கேட்கவில்லை. கீமோ மருந்துகளான கார்போபிளாட்டினும் பாக்லிடாக்செலும் ஏற்றுவதற்கு முன், ஒவ்வாமையைத் தடுக்கும் வழக்கமான ஏற்பாடாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டது. மருந்து கொடுக்கப்படாத காசநோய் உள்ள உடம்பில் கீமோவும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் நோய் எதிர்ப்பு ஆற்றல் மேலும் குன்றும். காய்ச்சல் கடுமையாகி, அக்கா எழுந்து உட்கார முடியாத நிலைக்கு வந்தார்.

அங்கிருந்து ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். நீரின் ஏடிஏ மிக உயர்ந்திருந்தது. லிட்டருக்கு 39 யூனிட்டை ஒட்டிய அளவே காசநோயைச் சந்தேகிப்பதற்கான எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதோடு நிறுத்தாமல் லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை மூலம் கொழுப்புத் திரையிலும் வயிற்று உறையிலும் பல இடங்களில் திசு எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு பங்கை ஃபார்மலினிலும், மறு பங்கை வெறும் சலைன் நீரிலும் தனித்தனி டப்பாக்களில் போட்டு அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். ஃபார்மலினில் ஊறிய திசுவில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது என்பதால், முழுவதையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். அறுவை அரங்குக்குள் போகும் முன் இதை நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிவில் காசநோய்க்குரிய கிரானுலோமா என்ற அணுத்திரள் தெரிந்தது, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையிலும் கிருமி தென்பட்டது, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அதனிடம் எதிர்ப்பு இல்லை. எடுத்த எந்தத் துண்டிலும் புற்றுநோய் இல்லை.

புற்றுநோய் மருத்துவர், காசநோய் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். காசநோய் மருந்துகளைத் தொடங்கி, காய்ச்சல் அடங்கி, உணவு செல்லத் தொடங்கியதும் சில வாரங்களிலேயே கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள். குடல் அங்கங்கே ஒட்டியிருந்ததால் அறுவை நீண்டது. புற்றுநோய் கருப்பைக்குள்ளேயே, தசையின் பாதியைத் தாண்டாமல், முதல் நிலையில் இருந்தது. அணுக்களும் தீவிரம் குறைந்த வகை. ஆறு சுழற்சி கீமோ தேவை என்று எழுதப்பட்டவருக்கு ஒரு சுழற்சிகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. காசநோய் உறுதியானதும் உதிரப்போக்கையும் அதன் கணக்கிலேயே எழுதிவிட்டு, ஆறு மாத மருந்து முடியட்டும் என்று காத்திருந்தால் புற்றுநோய் வளர்ந்துவிடும். கருப்பையிலும் காசநோய் வரக்கூடும் என்பது சரியே. ஆயினும் மாதவிடாய் நின்றபின் வரும் உதிரப்போக்கிற்குக் கருப்பைத் திசுவைத் தனியே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கீமோ உண்மையாகவே தேவைப்படுவோர், எந்தெந்தக் காசநோய் மருந்து உட்கொள்கிறார்கள் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சீட்டோடு காட்ட வேண்டும். ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, பாக்லிடாக்செல், டெக்ஸாமெத்தசோன், கருப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவற்றை உடம்பிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். காசநோய் மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஐசோனியசிடும் பாக்லிடாக்செலும் இரண்டுமே நரம்பைப் பாதிப்பதால் கைகால் மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும். நரம்புப் பாதிப்பைத் தடுக்கத் தரப்படும் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரையை விடக்கூடாது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அக்கா மீண்டும் உதிரம் என்று அஞ்சி அழுதார்; முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரவு அவர் தூங்கியிருப்பார்.

காசநோய் மருந்துகள் அரசு மையங்களில் இலவசம். காசநோயாளிகளுக்கான அரசின் நி-க்ஷய் இணையத் தளத்தில் பதிவு செய்தால் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தனியார் மருத்துவமனைகளும் காசநோயாளிகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம்.

முதல் மருத்துவமனை கோப்பின் நகலையும், திசுக் கண்ணாடித் தகடுகளையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் தருவதற்கு அலைக்கழித்தது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன; அதைக் குறிப்பிட்டுத் தேதியிட்ட கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிய பிறகே அவை கைக்கு வந்தன. அந்தக் கோப்பில் கையெழுத்தில்லாமல் கிடந்த நீர்ப் பரிசோதனை அறிக்கையை முதல் இணைப்பாக வைத்து, மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம்.