அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகையை ஃப்ரேம் போடக் கொடுத்து 6,800 ரூபாய் ஏமாந்தேன்

பார்சல் நேற்று சாயங்காலம்தான் வந்தது. பிரித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன். பத்திரிகையை ஃப்ரேம் போடக் கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு இந்த மாதம் அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்தபோது, அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த 1989 கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. மஞ்சள் தாள், சிவப்பு மையில் பிள்ளையார், "நிகழும் சுக்கில வருடம் ஆவணி மாதம்" என்று ஆரம்பிக்கும். ஈய எழுத்து கோத்து அடித்தது. பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்தின் மேடு தட்டுப்படும். அந்தப் பின்பக்கத்தில்தான் தாத்தா பென்சிலால் கணக்கு எழுதி வைத்திருந்தார்: வாழைமரம் 2, தேங்காய் 150, நாதஸ்வரம் முன்பணம் 200. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே பத்திரிகை அது.

ரீல்ஸில் ஒரு பரிசுப்பொருள் பக்கம் கண்ணில் பட்டது. பத்திரிகையை நடுவில் வைத்து, சுற்றிலும் காய்ந்த பூ, குட்டி மஞ்சள் கயிறு, பெயர் வெட்டிய மரத்துண்டு என்று ஆழமான கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துத் தருகிறார்கள். குழந்தை பிறந்த சேதி, காதுகுத்துப் பத்திரிகை எல்லாமே செய்வார்களாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை இப்போதும் மறுக்கவில்லை. போன் போட்டு, ஸ்கேன் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"பிரிண்ட் போட்டா அந்த ஃபீல் வராதுக்கா. ஒரிஜினலையே அனுப்புங்க, எங்க அம்மா பத்திரிகை மாதிரி பார்த்துக்கறேன்."

இந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். விலை 6,800. பாதி முன்பணம் போதும் என்றவர், அடுத்த நிமிடமே முழுசாகப் போட்டால் கூரியர் இலவசம் என்றார். 6,800-ஐயும் அப்போதே ஜிபேயில் அனுப்பினேன். பில் கூடக் கேட்கவில்லை. சந்தையில் கால் கிலோ வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்து வாங்குகிற ஆள் நான்!

விழாவுக்கு நான்கு நாள் முன்பே வந்துவிடும் என்றார்கள். அப்புறம் ரெசின் காயவில்லை, அப்புறம் மழை, அப்புறம் கூரியர்காரர் எடுக்க வரவில்லை. டிசைனைக் காட்டுங்கள் என்று கேட்டால் நீல டிக் மட்டும் விழும். கடைசியில் வேட்டி சேலையோடு விழா முடிந்தது. அதற்கு ஐந்து நாள் கழித்துப் பார்சல்.

கண்ணாடி ஓரத்தில் விரிசல், அது போகட்டும். பத்திரிகை பெட்டிக்குள் அடங்கவில்லை என்று கீழே இரண்டு விரற்கடை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அங்கேதான் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று தாத்தா பாட்டி பெயர் இருந்தது. மஞ்சள் தடவிய கீழ்மூலை இரண்டும் அதோடு போயிற்று. மிச்சத்தைப் பலகையில் பசை போட்டு அழுத்தி ஒட்டி, மேலே ஏதோ வார்னிஷ் அடித்ததில் பிள்ளையார் ரோஸ் நிறத்தில் கசிந்து நிற்கிறார். தாத்தாவின் கணக்கு பசைக்குள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழ்வரியைத் தேடினார்.

போன் செய்தேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா மேடம்?" அக்கா மேடமாகிவிட்டேன். வெட்டிய துண்டையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "அதெல்லாம் குப்பைல போயிருக்கும்." ஆர்டரின் பேரில் செய்த பொருளுக்குப் பணம் திரும்ப வராதாம், வேண்டுமானால் அடுத்த ஆர்டரில் 10 சதவீதம் தள்ளுபடியாம்! 6,800 ரூபாய் என்று மறுபடி ஆரம்பித்தேன், பிளாக் செய்துவிட்டார்கள்.

இன்று காலை எங்கள் தெருமுனையில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். ஓரத்தை மெல்லக் கிளப்பிப் பார்த்தார், தாள் ஏடு ஏடாக உரிந்தது, உடனே நிறுத்திவிட்டார். "பழைய தாளை ஒட்டவே கூடாதும்மா. நாலு மூலைக்கும் காகிதப் பை செஞ்சு சொருகணும். கண்ணாடி தாள்ல படாம நடுவுல அட்டை கொடுக்கணும், இல்லேன்னா ஈரத்துல ஒட்டிக்கும்." வெயில் படுகிற சுவரில் மாட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும் என்றும் சொன்னார். நீங்கள் செய்திருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். 900 ரூபாயாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஒரிஜினலை அனுப்பாதீர்கள், நல்ல ஸ்கேன் போதும். மீறி அனுப்பினால் வெட்டமாட்டோம், ஒட்டமாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணமும் முதலிலேயே போடாதீர்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

அந்த 6,800 வரும்போது வரட்டும். சொந்தக்காரர் வீடுகளில் இன்னொரு பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்தி பரணில் ஏறித் தேடுகிறார்.