ஸ்டேஷன் பக்கமா, பஸ் ரோடா, உள்ளே தள்ளியா? புறநகரில் வீடு பார்ப்பவருக்கு

புறநகரில் வீடு காட்டுகிறவர்கள் தூரத்தை நிமிஷத்தில்தான் சொல்வார்கள். ஸ்டேஷன் பத்தே நிமிஷம், மெயின் ரோடு அஞ்சே நிமிஷம். நடந்தா, வண்டியிலா என்று திருப்பிக் கேட்டால் பேச்சு தண்ணீர் வசதிக்குத் தாவிவிடும்.

அவர்கள் சொல்லும் நிமிஷங்களை ஓரமாக வைத்துவிட்டால், போக்குவரத்தைப் பொறுத்தவரை புறநகர் வீடுகள் மூன்றே வகை. ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போகக்கூடியவை, பஸ் ஓடும் சாலையை ஒட்டியவை, இரண்டுக்கும் எட்டாமல் உள்ளே தள்ளி சொந்த வண்டியை நம்பி இருப்பவை. வாடகையும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் இறங்கும். எது மேல் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் ஸ்டேஷனைக் காட்டுவார்கள். நான் பஸ் ரோட்டைச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அது பின்னால் வரும்.

நடக்கும் தூரம் எது என்பதற்குத் திட்டமிடுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பஸ் ஸ்டாப்புக்கு 400 மீட்டர், ரயில் ஸ்டேஷனுக்கு 800 மீட்டர். சாதாரண நடையில் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். ரயில் என்றால் மனுஷன் கொஞ்சம் கூடவே நடப்பான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேப்பில் நேர்க்கோடு போட்டு இதை அளந்து ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் ஒரு நீண்ட மதிலோ கால்வாயோ குறுக்கிட்டால் 800 மீட்டர் 1,500 ஆகிவிடும்.

ஸ்டேஷன் பக்கத்து வீடு

ரயிலுக்குத் தனிப்பாதை. அதன் பலம் எல்லாம் அதில்தான். சாலையில் லாரி கவிழ்ந்தாலும் ஊர்வலம் போனாலும் அதற்குக் கவலையில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற ரயில்கூட மணிக்கு 35 கிலோமீட்டர் சராசரியைத் தொடுவது சாதாரணம். காலை நெரிசலில் பஸ் 15-ஐத் தாண்டினாலே பெரிது. வேலை 20 கிலோமீட்டர் தள்ளி நகரத்தின் நடுவில் என்றால் ரயிலில் 35 நிமிஷம், பஸ்ஸில் 80. இந்த இடைவெளியை எந்தச் சமாதானம் சொல்லியும் மூட முடியாது.

ஒருவர் ஒரு நாளில் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணியைச் சுற்றியே இருக்கிறது என்பது யாகோவ் சஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் கவனித்த விஷயம். இத்தாலியரான செசாரே மார்செட்டி 1994-இல் அதை இன்னும் விரித்து எழுதினார். வண்டி வேகமானால் வீட்டில் இருக்கும் நேரம் கூடுவதில்லை, வீடுதான் தள்ளிப் போகிறது. புறநகர் என்ற ஒன்று பரவியதே இப்படித்தான். ஜப்பானின் ஒசாகாவை ஒட்டி 1910-இல் ரயில் ஓட்டத் தொடங்கிய கோபயாஷி இச்சிசோ, தண்டவாளத்தை ஒட்டி வீடு கட்டித் தவணையில் விற்றார். 1929-இல் நகரத்து முனையிலேயே பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரையும் திறந்தார். குடியிருப்பவரும் அவருடைய ஆள், பயணியும் அவருடைய ஆள், ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறவரும் அவருடைய ஆள். கெட்டிக்காரர்!

ஆனால் இந்த லாபமெல்லாம் நகரத்துக்கு வேலைக்குப் போகிற ஒருவருடையது. வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க், மருந்துக்கடை, டியூஷன் என்று அவர்கள் போகும் இடங்கள் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக அமைவதில்லை. ரயில் அட்டவணை காலை ஒன்பதையும் மாலை ஆறையும் மனதில் வைத்துப் போட்டது. பகல் பதினொன்றுக்குப் பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போக அது உதவாது.

அப்புறம் அந்த நடைமேம்பாலம். கையில் பிள்ளை, தோளில் பை. முன்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நிதானித்து ஏறுகிறார். கீழே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. பின்னால் வருகிறவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இவர்கள் மறுபக்கம் இறங்குவதற்குள் ரயில் கிளம்பிவிடும். லிஃப்ட் இருந்தாலும் அது பிளாட்பாரத்தின் கோடியில் இருக்கும். வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம். வீடு பார்க்கப் போகும்போது ஸ்டேஷன் எத்தனை மீட்டர் என்று கேட்கிறவர்கள், தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்று கேட்பதே இல்லை.

ஸ்டேஷனைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டாக்ஹோமின் புறநகரான வெலிங்பி 1954-இல் திறக்கப்பட்டபோது கடைகளையும் நூலகத்தையும் சினிமாவையும் மெட்ரோ ஸ்டேஷனைச் சுற்றியே வைத்தார்கள். ரயிலை விட்டு இறங்கினால் கடைவீதி, அதைத் தாண்டினால் வீடு. அப்படி அமைந்த இடம் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் ஸ்டேஷன் பக்கமே போய்விடலாம். பல ஊர்களில் ஸ்டேஷன் ஒரு நீண்ட மதில், அதையொட்டி வண்டி நிறுத்துமிடம், இருட்டான ஒரு சந்து. அவ்வளவுதான்.

கடைசி வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. தண்டவாளப் பராமரிப்புக்கு இரவில் சில மணி நேரம் தேவை என்பதால் உலகில் பெரும்பாலான மெட்ரோக்கள் நள்ளிரவுக்கு அப்புறம் ஓடுவதில்லை. நியூயார்க் சப்வே விதிவிலக்கு. லண்டனில் 2016-இல் தொடங்கிய இரவு மெட்ரோவும் வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் மட்டும்தான். ஷிப்ட் வேலைக்காரர் ஸ்டேஷன் பக்கம் கூடுதல் வாடகை கொடுக்கும் முன் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

பஸ் ரோடு

பஸ் மெதுவானது. அதை மறைக்க முடியாது. ஆனால் முன்னூறு, நானூறு மீட்டருக்கு ஒரு ஸ்டாப் இருப்பதால்தான் மெதுவாகப் போகிறது. அதே காரணத்தால்தான் பள்ளிக்கூட வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் இறங்க முடிகிறது. ரயிலில் மிச்சமாகும் நேரம் ஒருவருக்கு. பஸ்ஸின் பயன் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும். குழந்தையைப் பள்ளியில் விட்டு, வழியில் பேங்கில் இறங்கி, மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவது மாதிரி விட்டு விட்டுப் போகும் பயணங்களை வீட்டுப் பெண்கள்தான் அதிகம் செய்கிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. இப்படிப்பட்ட பயணத்துக்கு ரயில் சரிப்படாது.

எல்லாம் பஸ் எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்பதைப் பொறுத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் சராசரியாக அஞ்சு நிமிஷம் நிற்க வேண்டும். யாரும் அட்டவணையைப் பார்ப்பதில்லை, வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அரை மணிக்கு ஒன்று என்றால் வாழ்க்கையையே அந்த பஸ்ஸை வைத்து ஒழுங்கு செய்ய வேண்டும். ஸ்டாப்பில் நிற்கும் ஒரு நிமிஷம், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிஷத்துக்குச் சமம் என்பது திட்டமிடுகிறவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. வெயிலில் நின்றவர்களுக்கு அது குறைச்சலாகத் தோன்றும்.

அரை மணி காத்திருக்க வைத்துவிட்டு மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வருவது டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்கிற காரியம் அல்ல. ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்திருக்கும். அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளில்லை. அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதனால் ‘பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாடகை பேச வேண்டாம். வார நாளில் மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பதரைக்கும் அந்த ஸ்டாப்பில் போய் நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தடவை. காலை எட்டரைக்குப் பார்ப்பது வீண். அப்போது எந்த ரோட்டிலும் பஸ் ஓடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பஸ்ஸில் ஆள் கூடினால் வண்டி கூடும், வண்டி கூடினால் காத்திருப்பு குறையும், குறைந்தால் இன்னும் ஆள் வரும். பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் காட்டியது இது. திருப்பிப் போட்டாலும் உண்மைதான். ஒரு பஸ்ஸை நிறுத்துகிறார்கள், நாலு பேர் பைக் வாங்குகிறார்கள், கூட்டம் இல்லை என்று அடுத்த பஸ்ஸையும் நிறுத்துகிறார்கள். என் நிபந்தனை இதிலிருந்து வருவதுதான்: ஒரே ரூட் பஸ் ஓடும் ரோட்டில் வீடு பார்க்காதீர்கள். மூன்று நான்கு ரூட்டுகள் சேர்ந்து ஓடும் ரோடு வேண்டும்; அதில் ஒன்றாவது ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஒரு ரூட் போனாலும் மிச்சம் இருக்கும். நகரத்துக்குப் போகிறவரும் ரயிலை இழக்க மாட்டார்.

மாறி ஏறுவதை எல்லோரும் வெறுக்கிறார்கள். நியாயம்தான், பல ஊர்களில் ரயில் வந்து நிற்கும்போது ஸ்டேஷன் பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். இது விதி ஒன்றும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுக்க ரயில்களை ஒரே தாளத்தில், மணிக்கு மணி ஒரே நிமிஷத்தில் வரும்படி மாற்றினார்கள். பஸ்களையும் அதோடு பொருத்தினார்கள். ஜூரிக் வட்டாரத்தில் 1990 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். பஸ் மெதுவாகப் போவதும் பெரும்பாலும் ரோட்டின் குற்றம்தான். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 2000-இல் பஸ்ஸுக்குத் தனி லேன் கொடுத்து, புறநகர்த் தெருக்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கத் தனியாக இணைப்பு பஸ்களையும் விட்டார்கள். உங்கள் ஊரில் இதெல்லாம் வரும் என்று நம்பி இன்று வீடு எடுக்க வேண்டாம். இருப்பதை வைத்து எடுங்கள்.

உள்ளே தள்ளி, பைக்கை நம்பி

அஞ்சாறு கிலோமீட்டர் தூரத்துக்குள் பைக்கை எதுவும் ஜெயிக்க முடியாது. காத்திருப்பு இல்லை, மாறி ஏறுவது இல்லை, கடைசி வண்டி போய்விட்டதே என்ற பதற்றம் இல்லை. வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம். இதனால்தான் பஸ் சரியில்லாத ஊர்களில் மக்கள் பைக்குக்குப் போகிறார்கள், ஆடம்பரத்துக்கு இல்லை.

ஆனால் தினம் 20 கிலோமீட்டர் போய் 20 திரும்புகிறவர் வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் நெரிசலிலும் மழையிலும் ஓட்டுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அதில் 21 சதவீதம் மோட்டார் பொருத்திய இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் சாவு அபாயத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. அப்படியும் மிச்சமிருக்கும் அபாயம் பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவருக்கு இல்லாதது.

சாலை அகலமானால் சரியாகிவிடும் என்பார்கள். அமெரிக்கரான அந்தோனி டவுன்ஸ் 1962-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: அகலப்படுத்திய சாலையை நெரிசல் நேரத்தில் புது வண்டிகள் வந்து நிரப்பிவிடும்.

உள்வீட்டில் எனக்குப் பிடிக்காதது வேறு ஒன்று. வண்டி ஓட்டத் தெரிந்தவர் அந்த வீட்டின் டிரைவர் ஆகிவிடுகிறார், மற்றவர்கள் அவர் வருகைக்குக் காத்திருப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். ‘என்னைக் கொண்டு போய் விடு’, ‘அவளைக் கூட்டிட்டு வா’ என்று ஒரு நாள் முழுக்கப் போகும். பதினாலு வயசுப் பையனுக்கும் எழுபது வயசுப் பெரியவருக்கும் தனியாக வெளியே போக வழி இல்லை. அப்புறம் இரண்டாவது வண்டி வாங்குகிறார்கள், மூன்றாவதும் வருகிறது. வாடகையில் மிச்சம் பிடித்தது பெட்ரோலில் போய்விடும்.

ஷேர் ஆட்டோ இருக்கிறதே என்று கேட்கலாம். நைரோபியின் மட்டாட்டு, மணிலாவின் ஜீப்னி என்று இந்த ரகம் உலகம் பூராவும் உண்டு. பெரிய பஸ் நுழையாத இடத்துக்கெல்லாம் இவைதான் போகின்றன. ஆனால் பல இடங்களில் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். கூட்ட நேரத்தில் கைகொடுக்கும். மதியத்தில் கடைசி ஒரு ஆளுக்காக உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

சைக்கிளை நம் ஆட்கள் மறந்துவிட்டார்கள். பத்து நிமிஷ நடை 800 மீட்டர் என்றால் பத்து நிமிஷ சைக்கிள் 2.5 கிலோமீட்டர். உள்வீடு என்று ஒதுக்கிய பாதி வீடுகள் இந்தக் கணக்கில் ஸ்டேஷன் வீடுகள் ஆகிவிடும். பூட்டி நிறுத்த இடம்தான் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஸ்டேஷனில் 12,500 சைக்கிள் நிற்கும் கூடமே கட்டியிருக்கிறார்கள்.

யாருக்கு எது

தனி ஆள், அல்லது இருவருமே நகரத்தின் நடுவில் வேலை பார்ப்பவர்கள்: ஸ்டேஷன் பக்கம், கூடுதல் வாடகை கொடுத்தாவது. குழந்தையோ வயசானவரோ இருக்கும் வீடு: பல ரூட் ஓடும், ஸ்டேஷனைத் தொடும் பஸ் ரோடு. உள்வீடு, வேலையும் பள்ளியும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கும் மட்டும்.

வேலை இன்னொரு புறநகரில் என்றால் இந்த வரிசை செல்லாது. பெரும்பாலான நகரங்களில் ரயில் தடங்கள் நடுவிலிருந்து வெளியே விரிந்து போகின்றன. பக்கத்துப் புறநகருக்குப் போகவும் நகரத்துக்குள் போய் மாறி வெளியே வர வேண்டும். பாரிஸைச் சுற்றிப் புறநகர்களை ஒன்றோடொன்று இணைக்க 200 கிலோமீட்டர், 68 ஸ்டேஷன் அளவில் புது மெட்ரோ கட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். மாஸ்கோவின் பெரிய வட்டத் தடம் 2023-இல் முழுமையானது. அப்படியொன்று இல்லாத ஊரில் ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். இரண்டு புறநகரையும் நேராக இணைக்கும் பஸ் எந்த ரோட்டில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள், வீட்டை அந்த ரோட்டில் தேடுங்கள்.