மானோஸ் புளூ-ரே: மோசமான படம், அருமையான வட்டு

மோசமான படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதும், பார்த்ததைப் பற்றி விரிவாக எழுதி வைப்பதும் பல ஆண்டுகளாக எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் வேலைகள். அந்த மகிழ்ச்சியை எனக்கு அதிகமாகத் தந்தது எது என்று கேட்டால், அமெரிக்காவின் சினாப்ஸ் பிலிம்ஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ புளூ-ரே வட்டையே சொல்வேன்.

டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹரால்ட் வாரன் என்பவர், திகில் படம் எடுப்பது பெரிய காரியமே இல்லை என்று திரைக்கதை எழுத்தாளர் ஸ்டர்லிங் சிலிஃபன்ட்டிடம் பந்தயம் கட்டி, தாமே எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த படம் இது. செலவு ஏறத்தாழ 19,000 டாலர். விடுமுறைப் பயணத்தில் வழிதவறிய ஒரு குடும்பம், டோர்கோ என்ற விநோதமான காவலாள் பார்த்துக்கொள்ளும் தனி வீட்டில் இரவு தங்க நேர்கிறது. அந்த வீட்டின் தலைவனோ பல மனைவியரோடு மானோஸ் என்ற தெய்வத்தை வழிபடுபவன். ‘மானோஸ்’ என்றால் ஸ்பானிய மொழியில் கைகள் என்று பொருள். ஆகவே தலைப்பிலேயே கைகள் இரண்டு முறை வந்துவிடுகின்றன. 1966 நவம்பரில் எல் பாசோவில் திரையிடப்பட்ட இந்தப் படம், அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. 1993-இல் ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ என்ற தொலைக்காட்சித் தொடர், ஒரு மனிதரும் இரண்டு பொம்மை ரோபோக்களும் திரைக்கு முன் அமர்ந்து கேலி பேசும் தன் வழக்கமான முறையில், இதை ஒளிபரப்பிய பிறகே உலகம் இதை அறிந்தது.

நானும் முதலில் அந்தக் கேலியோடுதான் பார்த்தேன். ஆனால் அப்போது கிடைத்த பிரதி இருண்டும் மங்கியும் இருந்ததால், எது வாரனின் தவறு, எது தேய்ந்த பிரதியின் தவறு என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. 2011-இல் பென் சோலவே என்ற ஒளிப்பதிவாளருக்கு, தாம் வாங்கிய 16 மி.மீ. சுருள்களுக்கிடையே இந்தப் படத்தின் வொர்க்பிரிண்ட், அதாவது படத்தொகுப்புக்குப் பயன்படுத்திய பிரதி, கிடைத்தது. அதைச் சீரமைக்கப் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது ஏறத்தாழ 48,000 டாலர் சேர்ந்தது. படம் எடுக்க ஆன தொகையைப் போல் இது இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த உழைப்பின் பலன் இந்த வட்டில் கண்ணெதிரே நிற்கிறது. தலைவன் கைகளை விரிக்கும்போது, கறுப்பு அங்கியில் வரையப்பட்ட பெரிய செந்நிறக் கைகள் பளிச்சென்று தெரிகின்றன. பாலைநிலத்தின் பகல் வெளிச்சம் இயல்பாக இருக்கிறது. பழைய பிரதியின் புழுதி நீங்கியதும் வாரனின் தவறுகள் மட்டும் தனியே, சுத்தமாக எஞ்சி நிற்கின்றன. எழுதுபவருக்கு வேண்டியது அதுதான்.

ஏனென்றால் இத்தகைய படத்தைப் பற்றி எழுதும்போது கிடைக்கும் உண்மையான சுகம், ஒவ்வொரு குறைக்கும் காரணத்தைத் தேடிப் போவதில் இருக்கிறது. வாரன் பயன்படுத்திய கேமரா கையால் சாவி முறுக்கி ஓட்டுவது. ஒரு முறை முறுக்கினால் 32 விநாடிகள் மட்டுமே படம் எடுக்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், உரையாடல் காட்சிகள் ஏன் இப்படித் தடுக்கித் தடுக்கி நகர்கின்றன என்பது விளங்கிவிடுகிறது. அந்தக் கேமராவில் ஒலிப்பதிவு கிடையாது என்பதால், எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரு சிலரே பிறகு டப்பிங் பேசினார்கள். நடிகர்களுக்குப் பகலில் வேறு வேலை இருந்ததால் பெரும்பகுதி இரவில் எடுக்கப்பட்டது. விளக்குகளைத் தேடி வந்த அந்துப்பூச்சிகள் சட்டகமெங்கும் பறக்கின்றன, இந்த வட்டில் அவற்றை எண்ணிவிடலாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு வரும் காவலர்கள் சில அடி நடந்ததுமே திரும்பிவிடுவதற்குக் காரணம், அதற்கப்பால் விளக்கு வெளிச்சம் எட்டவில்லை என்பதே. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காருக்குள் முத்தமிட்டபடியே இருக்கும் இளஞ்ஜோடியைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். வேறு பாத்திரத்துக்கு எடுக்கப்பட்டிருந்த நடிகைக்குக் கால் முறிந்துவிட, அவரை விலக்கிவிட மனமில்லாமல் உட்கார்ந்தே நடிக்கும் வேடமொன்றை உருவாக்கினார்கள் என்பதை அறிந்த பிறகு, அந்தக் காட்சிகளின் மீது எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

வட்டில் ‘கிரைண்ட்ஹவுஸ்’ என்ற பெயரில் சீரமைக்கப்படாத வடிவமும் உண்டு. முதலில் அதை ஒரு கால்மணி நேரம் பார்த்துவிட்டுச் சீரமைத்த வடிவத்துக்கு வந்தால் வேறுபாடு நன்றாகப் புலப்படும். படம் உருவான கதையையும் சீரமைப்புப் பணியையும் சொல்லும் தனித்தனி ஆவணப்படங்களும் இருக்கின்றன. இரண்டும் பார்க்கத் தகுந்தவை. குறை என்று சொன்னால் ஒலியைச் சொல்ல வேண்டும். படிமத்துக்குக் கிடைத்த மறுவாழ்வு டப்பிங்குக்குக் கிடைக்க வழியில்லை. ஹெட்போனில் கேட்டால் சீக்கிரமே களைப்பு வந்துவிடும், அறையில் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேட்பதே நல்லது.

இந்த வட்டை நான் மறுபடி மறுபடி எடுப்பது அதில் உள்ள உரைத்தடத்துக்காக, அதாவது படம் ஓடும்போதே அதில் பங்கேற்றவர்கள் அதைப் பற்றிப் பேசும் தனி ஒலித்தடத்துக்காக. தலைவனாக நடித்து, அந்தக் கை அங்கி உட்பட உடைகளையும் கலைப்பொருள்களையும் செய்து கொடுத்த டாம் நேமனும், படத்தில் சிறுமியாக நடித்த அவருடைய மகள் ஜாக்கியும் சேர்ந்து பேசியிருக்கிறார்கள். வட்டு வெளியான அடுத்த ஆண்டே நேமன் காலமாகிவிட்டார். முதல் திரையிடலின்போது, தன் வாயசைவுக்கு ஒரு பெரிய பெண்ணின் குரல் வருவதைக் கேட்டு ஜாக்கி அழுதுவிட்டாராம். அதே காட்சிகள் ஓடும்போது இந்தத் தடத்தில் அந்த டப்பிங் குரலுக்கு மேலாக அவருடைய சொந்தக் குரலும், பக்கத்தில் அப்பாவின் குரலும் கேட்கின்றன.