போனும் லேப்டாப்பும் இருக்க, டேப்லெட் எதற்கு?

கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். போன், லேப்டாப் இரண்டும் இருக்கும்போது டேப்லெட் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நிறையப் பிடிஎஃப் படிப்பவர், பேனாவால் எழுதுபவர் என்றால் தாராளமாக வாங்கலாம். படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம்.

என்னிடம் இருப்பது சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட். 10.4 அங்குலத் திரை. பேனா பெட்டியிலேயே வருகிறது, அதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை. பாடநூல் பக்கத்தைப் போனில் திறந்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, படித்த வரி எங்கே என்று தேட வேண்டும். இதில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிகிறது. பிள்ளைகள் அனுப்பும் விடைத்தாள் படத்தின் மேலேயே சிவப்பில் திருத்துகிறேன். தப்பான படியை வட்டமிட்டு, பக்கத்திலேயே சரியானதை எழுதிக் காட்டினால் எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்! எனக்கு இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

சிம் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போய்விடும்.

கேள்வித்தாள் தட்டச்சு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் இன்னும் லேப்டாப்பில்தான். கீபோர்டு உறை போட்டால் லேப்டாப்பே வேண்டாம் என்பார்கள், நம்பாதீர்கள். அந்தக் காசில் மெமரி கார்டு வாங்கலாம்.

அப்புறம், ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் உறைபனி மாதங்களில் இதை ராத்திரி காரில் விட்டுவிடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போன லித்தியம் பேட்டரியை அப்படியே சார்ஜில் போட்டால் அதன் ஆயுள் குறையும்.