கோடை விடுமுறையில் பழம் பறிக்கப் போகும் மாணவர்களுக்கு: உங்கள் மணிக்கணக்கை யாரும் மறைக்க விடாதீர்கள்

மெல்பர்ன் பல்கலைக்கழகங்களின் கோடை விடுமுறையும், வடக்கே ஷெப்பர்ட்டன் பகுதியின் பேரிக்காய் அறுவடையும் ஒரே காலத்தில் வருகின்றன. மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் அந்த வரம்பு கிடையாது. அடுத்த பருவக் கட்டணத்துக்குப் பணம் சேர்க்க நமக்கு வாய்க்கும் காலம் அது ஒன்றுதான். நம்முடைய இந்த நெருக்கடியைக் காண்ட்ராக்டர்களும் நன்றாக அறிவார்கள். 2025 அறுவடைக்குப் போன, ஒரே வீட்டில் இருக்கும் நண்பர்களான எங்கள் நால்வருக்கும் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். இதே வலையில் இன்னொரு மாணவர் விழக்கூடாது.

எங்களை வேலைக்கு எடுத்தவர் தோட்டக்காரர் அல்லர். தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர். அவருடைய மேற்பார்வையாளர் தமிழ் பேசுபவர். முதல் தொலைபேசி உரையாடலிலேயே “தம்பி, நம்ம பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம்” என்றார். நாங்களும் அவரை அண்ணா என்றே அழைத்தோம். தங்குமிடம், வேன், கை நிறையச் சம்பளம் எல்லாம் உண்டு என்றார். ஆனால் எழுத்தில் எதுவும் தரவில்லை. கேட்டபோது, அறுவடை வேலைக்கு ஒப்பந்தமெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.

கூலி மணிக்கணக்கில் அல்ல, ‘பின்’ கணக்கில். பின் என்பது டிராக்டரில் தூக்கிச் செல்லும் பெரிய பெட்டி. நானூறு கிலோ அளவுக்குப் பழம் கொள்ளும். மார்பில் பையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, காயைக் காம்போடு மேல்நோக்கித் தூக்கித் திருப்பிப் பறிக்க வேண்டும். இழுத்தால் காம்பு பிய்ந்துவிடும். பையைச் சற்று வேகமாகக் கவிழ்த்தால் தோல் கன்றிவிடும். பழகாத கைக்கு இது மெதுவாகத்தான் வரும். ஒரு பின்னுக்கு 45 டாலர் என்றார்கள். முதல் நாள் காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை, நடுவில் அரை மணி இடைவேளை போக, நானும் நண்பரும் சேர்ந்து நிரப்பியது மூன்று பின். ஆளுக்கு 67 டாலர் 50 காசு. மணிக்கு எட்டரை டாலர்கூட இல்லை. அப்போது நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24 டாலர் 10 காசு. எங்களைப் போன்ற தற்காலிகத் தொழிலாளர்களுக்குரிய 25 விழுக்காடு கூடுதலையும் சேர்த்தால், அறுவடைக்குப் புதிதாக வருபவருக்கும் மணிக்கு 29 டாலருக்குக் கீழே போகாது.

கை வேகம் கூடியதும் ஏமாற்றுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். டிராக்டர் எடுத்துப் போன பின்களில் சிலவற்றை, பழம் அடிபட்டிருக்கிறது என்று சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். அந்தப் பழத்தை எங்களுக்குக் காட்டியதில்லை. அது குப்பைக்குப் போனதா, விற்கப்பட்டதா என்பதும் தெரியாது. வார முடிவில் வாடகை, வேன் கட்டணம், ஏணிக்கு முன்பணம் என்று கழித்துவிட்டு மிச்சத்தைக் கையில் பணமாகக் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டு இல்லை. ஓய்வூதிய நிதிக்கு ஒரு காசும் கட்டப்படவில்லை. மூன்று படுக்கையறை வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம். ஒரே ஒரு கழிப்பறை. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய மாலைகளில் குளிக்கக்கூட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இதற்கு ஒவ்வொருவரிடமும் வாரம் 150 டாலர் பிடித்தார்கள்.

கடைசி இரண்டு வாரக் கூலியைத் தரவே இல்லை. கட்டணம் கட்டும் வாரத்தில் போய்க் கேட்டபோது, அதே அண்ணா சொன்னது இது: “தம்பி, நீங்கள் மாணவர் விசாவில் இருக்கிறீர்கள். இமிக்ரேஷனுக்கு நான் ஒரு போன் போட்டால் போதும்.” என் நண்பர் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வந்தவர் அவர். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், எது வந்தாலும் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

அந்த மிரட்டலில் உண்மை கிடையாது. 2024 ஜூலை 1 முதல், விசாவைக் காட்டித் தொழிலாளியை அடக்குவதே ஆஸ்திரேலியாவில் குற்றம். வேண்டுமென்றே கூலியைத் தராமல் வைத்துக்கொள்வதும் 2025 ஜனவரி 1 முதல் குற்றவியல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பின் கணக்கு விஷயத்திலும் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் போராடிப் பெற்ற தீர்ப்பினால், 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டக்கலைத் தொழிலில் எத்தனை பின் நிரப்பினாலும் அன்றைய மணிநேரத்துக்குரிய குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். பின் விலையையும்கூட, பழகிய ஒருவர் சராசரி வேகத்தில் பறித்தால் மணிக்கூலியைவிட 15 விழுக்காடாவது அதிகம் கிடைக்கும்படிதான் வைக்க வேண்டும். அந்த விலையை வேலை தொடங்குமுன் எழுத்தில் தர வேண்டும். உழைத்த மணிநேரத்தையும் முதலாளி பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் காண்ட்ராக்டர் மணிநேரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவிடாததற்குக் காரணம் இதுதான். பின் கணக்கு மட்டும் இருந்தால் நாம் மெதுவாக வேலை செய்தோம் என்று சொல்லிவிடலாம். மணிக்கணக்கு வந்துவிட்டால் திருட்டு வெளியே தெரிந்துவிடும். ஆகவே தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை, தோட்டம் இருந்த இடம், நிரப்பிய பின்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தினமும் எழுதி வையுங்கள். மரவரிசையையும் பின்னின் மேல் வைக்கும் சீட்டையும் படம் எடுங்கள். “நாளை ஐந்தரைக்கு வேன்” என்று வரும் குறுஞ்செய்தியைக்கூட அழிக்காதீர்கள். எங்கள் நண்பர் ஒருவரின் கைப்பேசியில் தானாகப் பதிவாகியிருந்த இருப்பிட வரலாறு எங்களுக்குப் பெரிய சாட்சியாக அமைந்தது.

புறப்படுமுன் இன்னொன்றையும் பாருங்கள். இந்த விக்டோரியா மாநிலத்தில் ஆள் அனுப்பும் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. யாரும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். எங்களை அழைத்துப் போன நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. உரிமம் இல்லாதவரிடமிருந்து ஆள் எடுக்கும் தோட்டக்காரருக்கும் தண்டனை உண்டு என்பதால், விஷயத்தை அவர் காதுக்குக் கொண்டுபோவதும் பயன் தரும்.

நாங்கள் 13 13 94 என்ற எண்ணில், கூலிப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஓம்புட்ஸ்மன் அலுவலகத்தை அழைத்தோம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் முதலில் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அந்த அலுவலகம் தலையிட்டதும் ஏணி முன்பணமும் கணக்கில் சேர்க்காமல் விட்ட பின்களுக்கான கூலியும் வந்தன. கடைசி இரண்டு வாரக் கூலியும், மணிக்கூலிக்குக் குறைந்த மீதித் தொகையும் இன்னும் வரவில்லை. அதற்காகச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே 100,000 டாலர் வரை கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகளுக்குள் உள்ள பாக்கி எதையும் கேட்க முடியும். அந்த அறுவடையில் எங்களுடன் அதே வீட்டில் தங்கியிருந்தவர்கள் இதைப் படித்தால் தொடர்புகொள்ளுங்கள். உங்களுக்கும் பாக்கி இருக்கிறது, எங்களுக்கும் சாட்சி தேவைப்படுகிறது.